ஏரோப்ளேன் அய்யா ஏற்றுக்கொண்ட தப்பு

ஜீப் போகமுடியாத இடத்தில் இறங்கி அரை மைல் நடந்தோம். வெயில் ஏறியிருந்தது. முன்னால் எங்கள் அதிகாரி. மூன்றடி பின்னால் கோப்புக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நான். எனக்கும் பின்னால் தண்ணீர்க் கூஜாவுடன் டபேதார் பாஷா.

பெரியமாதன் கொட்டாய் என்பது பென்னாகரத்துக்கு மேற்கே, காட்டை ஒட்டி இருந்த முப்பது வீட்டுச் சிற்றூர். வறண்ட ஓடையின் நடுவில் ஆழமாக ஒரு குழி தோண்டியிருந்தார்கள். அந்த ஊற்றுதான் ஊருக்கே குடிதண்ணீர். அதன் ஒரு பக்கம் இப்போது சரிந்து கிடந்தது. வாரிப் போட்ட ஈரமணல் மேலே காய்ந்து, அடியில் இன்னும் கறுப்பாக இருந்தது.

முந்தின நாள் காலையில் உள்ளே இறங்கித் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த மாதம்மாள் என்ற பெண்மேல் மணலும் கல்லும் விழுந்திருந்தன. இடுப்புவரை புதைந்தவளைக் கையால் தோண்டி எடுத்தார்கள். உயிர் பிழைத்துவிட்டாள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இருபத்தைந்து வயது இருக்கும்.

அவர் குழியின் ஓரத்தில் நின்று தொப்பியைக் கழற்றினார். ஜனங்கள் வந்து சூழ்ந்தார்கள். யாரும் அழவில்லை, கத்தவுமில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வயதானவர் ஒருவர் முன்னால் வந்தார். "போர் கெணறு போட்டுக் குடுங்கன்னு மனு எழுதுனோமுங்க சாமி. ஊரே கைநாட்டு வச்சோம். இந்தப் புள்ள வூட்டுக்காரன் முனியப்பன்தான் தருமபுரிக்கு எடுத்துக்கிட்டு வந்தான்."

"எப்ப?"

"மாசம் ஒண்ணாச்சுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "மனு வந்ததா, சென்னகேசவன்?"

"பதிவேட்டில் இல்லைங்க சார்," என்றேன்.

அது உண்மை. பதிவேட்டில் இல்லை. என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது.

"யார்கிட்ட குடுத்தாராம்?"

"ஆபீசுல குடுத்தேன்னு சொன்னானுங்க. அவனக் கேக்கலாம்னா பொண்டாட்டியோட ஆஸ்பத்திரியில கெடக்கறான்."

அவர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஆபீஸ்னா நான்தாங்க. அங்க குடுத்தா எங்கிட்ட குடுத்ததுதான். நான் படிக்கல. இந்த ஊருக்கு ஒரு தடவைகூட வந்து பாக்கல. தப்பு என்னுது."

அரசாங்க ஆள் ஒருவர் ஜனங்களைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்தேன். அப்போதும் கேட்டதில்லை.

இத்தனை வாரங்களாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில், நான் பார்த்த அதிகாரிகளையும் ஊர்களையும் பற்றி வேடிக்கையாக எழுதி வருகிறேன். இந்த வயதில் என்ன ஞாபகசக்தி என்று வாசகர்கள் வியந்து கடிதம் போடுகிறார்கள். ஞாபகசக்திக்குக் குறைவில்லை. இந்த ஒன்றை மட்டும் வாராவாரம் அடுத்த வாரத்துக்கு ஒத்திப்போட்டு வந்தேன்.

வானத்தில் இருந்தவர்

அவர் பெயர் அருமைநாதன். விமானப் படையில் விங் கமாண்டராக இருந்தவர். நூற்றுக்கணக்கான பேருக்கு உத்தரவு போட்ட கை அது.

அறுபதுகளின் தொடக்கத்தில் வடக்கே பனிமலையில் போர் நடந்தபோது நான் படிப்பை முடித்துவிட்டுப் புதிதாக வேலையில் சேர்ந்திருந்தேன். தருமபுரி கடைவீதியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை வாசலில் ஐம்பது அறுபது பேர் நின்று செய்தி கேட்போம். அந்தக் கூட்டத்தில் நான் தேங்காய் பன் தின்றுகொண்டு நின்ற அதே வாரங்களில், அவர் மலைகளுக்கு நடுவே சரக்கு விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். மலைமுகட்டில் சிக்கியிருந்த சிப்பாய்களுக்கு அரிசி மூட்டையும் மண்ணெண்ணெயும் மேலிருந்து போடுகிற வேலை. பள்ளத்தாக்குக்குள் நுழைந்தால் திரும்ப இடம் இருக்காது, ஏறித்தான் ஆகவேண்டும் என்பார். இதை அவர் சொல்லும் விதம், பஸ் டிரைவர் தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும்.

பத்து வருடம் கழித்துக் கிழக்கே நடந்த போரிலும் பறந்தார். அதற்குப் பிறகு இடது காது கெட்டுப்போயிற்று. இனிப் பறக்கக்கூடாது என்று படை மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். மேசை வேலை கொடுத்திருப்பார்கள். கௌரவமாக ஓய்வும் பெற்றிருக்கலாம். படையிலிருந்து வருகிறவர்களுக்கு ஆட்சிப் பணியில் ஒரு கதவு திறந்திருந்த காலம் அது. நாற்பது வயதுக்கு மேல், இருபத்திரண்டு வயதுப் பையன்களுடன் உட்கார்ந்து பரீட்சை எழுதினார். தேறினார்.

எழுபதுகளின் நடுவில், மழை பொய்த்த வருடங்களில், எங்கள் மாவட்டத்துக்கு வந்தார். வறட்சி நிவாரணத்துக்காக ஒரு வாடகைக் கட்டடத்தில் தற்காலிகமாக ஓர் அலுவலகம் திறந்திருந்தார்கள். அதற்கு அவர் சிறப்பு அலுவலர். நான் ஹெட் கிளார்க்.

முதல் நாள் மேலதிகாரியைப் பார்க்கப் போனபோது கோப்புகளுடன் நானும் கூடப் போனேன். மேலதிகாரிக்கு வயது முப்பதுகூட இல்லை. காதோரம் நரைத்த இவர் அவருக்கு எதிரே விறைப்பாக நின்று, "ரிப்போர்ட்டிங், சார்," என்றார். குரலில் கசப்பு இல்லை, நடிப்பும் இல்லை. அந்த இளைஞர் தன்னை அறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

ஊர் ஜனங்கள் அவருக்கு 'ஏரோப்ளேன் அய்யா' என்று பெயர் வைத்தார்கள். ஒருமுறை அதியமான்கோட்டையில் டீக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தோம். உயரத்தில் ஒரு விமானம் போயிற்று. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்தபடியாக அவரைப் பார்த்தார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னாங்க சார், உங்காளுங்களா?" என்றான் பாஷா.

"பத்து நிமிஷம் லேட்டு," என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

நான் அந்த மனிதரைப் பார்த்து வாயைப் பிளந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்னைவிடச் சில வயது மூத்தவர், அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் நிற்கும்போது நான் குள்ளமாகிவிட்டதுபோல இருக்கும். அந்த உணர்ச்சி வியப்பிலேயே நின்றிருக்கலாம். எனக்குள் அது கொஞ்சம் புளித்தும் போயிற்று.

சனிக்கிழமை மேசை

அவர் கொண்டுவந்த பழக்கம் ஒன்று உண்டு. சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு அலுவலகத்தில் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்காரவேண்டும். அந்த வாரம் தான் செய்த தப்பு ஒன்றை ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்லவேண்டும். முதலில் அவர் சொல்வார்.

"பறந்துட்டு இறங்கினதும் எங்க படையில இதைத்தான் செய்வோம்," என்றார். "பெரியவன் முதல்ல சொல்லணும். ஒரு தடவை நான் மூட்டையை எல்லாம் பக்கத்துப் பள்ளத்தாக்குல போட்டுட்டேன். கீழே நம்ம ஆளுங்க ரெண்டு நாள் பட்டினி. திரும்பி வந்து எல்லார் முன்னாலும் சொன்னேன். யாரும் திட்டல. எப்படி நடந்ததுன்னு மட்டும் கேட்டாங்க. நான் மறைச்சிருந்தா அடுத்தவனும் அங்கேயே போட்டிருப்பான்."

பிறகு இரண்டு விதி சொன்னார். சொன்ன தப்புக்குத் தண்டனை கிடையாது. இங்கே பேசுவதை யாரும் எழுதக்கூடாது.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மறுத்து எழுதவும் விளக்கம் எழுதவும் பழகியவர்கள் நாங்கள். தப்பு என்பது எப்போதும் கீழே இருப்பவன் செய்வது. முதல் சில வாரம் ஒவ்வொருவரும் சின்னச் சின்னத் தப்பாகத் தேடிக்கொண்டு வந்தார்கள். பேனா மை சிந்தியது, பத்து நிமிடம் தாமதம், இப்படி. வெள்ளிக்கிழமை வந்தால் ஒருவருக்கொருவர் கடன் கேட்பார்கள்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சும்மா இருந்தா குடுங்க. நாளைக்கு எனக்கு ஒண்ணுமே சிக்கல."

"நீ சும்மா உக்காந்திருந்ததையே சொல்லேன்டா."

பாஷா மட்டும் கவலைப்படவில்லை. "எனக்குன்னா வாரத்துக்கு ஒண்ணு பத்தாது சார், ரெண்டு வாட்டி கூட்டம் போடுங்க," என்றான். அவர் சிரித்துவிட்டார்.

கொஞ்ச நாளில் உண்மையான தப்புகளும் மேசைக்கு வரத் தொடங்கின. டைப்பிஸ்ட் ஒரு வாரம் அழுதுகொண்டே சொன்னார், ஒரு கிராமத்தின் பெயரையே பட்டியலில் விட்டுவிட்டதாக. மறுநாளே அந்தக் கிராமம் சேர்ந்தது. யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. அந்த அலுவலகத்தில் வேலை நடந்த வேகம் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

முனியப்பன் வந்த நாள்

அவர் செய்த இன்னொரு மாற்றம், மனு கொண்டுவருகிறவர்கள் உட்கார நாற்காலி. "நின்னுக்கிட்டே சொல்றவன் பாதியிலயே முடிச்சிடுவான்," என்று சொல்லி என் மேசைக்கு எதிரே ஒன்றைப் போடவைத்தார்.

அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் பி.ஏ. படித்தவன். அந்த நாற்காலி இல்லாத காலத்தில் என் மேசைக்கு முன்னால் மணியக்காரர்களே நிற்பார்கள்.

ஒருநாள் மதியம் முனியப்பன் வந்தார். முழங்கால்வரை புழுதி. கொட்டாயிலிருந்து பென்னாகரம்வரை நடந்து, அங்கிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். என்னைக் கும்பிட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏய், எழுந்திரு. யாரைக் கேட்டு உக்காந்த?"

"காலு நோவுதுங்க சாமி. வந்தவங்க உக்காரலாம்னு அய்யா சொன்னாருன்னாங்க."

"அய்யா சொன்னா அய்யாகிட்டப் போய் உக்காரு."

எழுந்து நின்றார். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாளை நீட்டினார். கீழே முப்பது கைரேகை, ஊதா மையில்.

"மணியக்காரர் கையெழுத்து எங்க?"

"அவரு வூடு எட்டு மைலுக்கு அந்தாண்டைங்க. மூணு வாட்டி போனேன். ஆளு சிக்கலீங்க."

"வச்சிட்டுப் போ."

கையெழுத்து இல்லாத மனுவைக் குறிப்பெழுதித் திருப்ப வேண்டும், அல்லது பதிந்து மேலே அனுப்ப வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. இழுப்பறையில் போட்டு மூடினேன். கையெழுத்து இல்லாததுதான் காரணம் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். காரணம் அதுவல்ல. அவர் உட்கார்ந்ததுதான் காரணம்.

அந்தச் சமயம் மாவட்டத்தில் இருந்த போர் போடும் வண்டிகள் சிலதான். எந்த ஊருக்கு முதலில் போவது என்ற பட்டியலை வந்த மனுக்களை வைத்துத் தயாரித்தோம். நான்தான் தயாரித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். பெரியமாதன் கொட்டாய் அதில் இல்லை.

என் முறை வந்தது

ஊற்று சரிந்த இடத்தில் அவர் 'தப்பு என்னுது' என்று சொன்னதை முதலில் எழுதினேன். அதற்குப் பிறகு நடந்தது இது.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். முனியப்பன் என்னை அடையாளம் கண்டுகொள்வார் என்ற பயத்தில், வயிறு சரியில்லை என்று சொல்லி நான் ஜீப்பிலேயே இருந்துவிட்டேன். அன்று மாலை மனுவை வீட்டுக்கு எடுத்துப்போய் வெந்நீர் அடுப்பில் போட்டேன். அது எரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்றாம் நாள் போர் வண்டி கொட்டாய்க்குப் போயிற்று. பட்டியலில் இல்லாத ஊருக்கு வண்டியை அனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லை. அனுப்பினார். புழுதிக்குள் முழு நாளும் நின்றார். தண்ணீர் பீறிட்டபோது ஜனங்கள் ஓடிவந்து அவர் காலில் விழப் போனார்கள். அவர் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார். "இது ஒரு மாசம் முன்னாடி வந்திருக்கணுங்க," என்றார்.

அந்தச் சனிக்கிழமை மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அவர் முதலில் சொன்னார். நேரில் போய்ப் பார்க்காமல் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன், ஒரு பெண்ணுக்குக் கால் போய்விட்டது, என்றார். ஒவ்வொருவராக என் பக்கம் வந்துகொண்டிருந்தது. சொன்னால் தண்டனை கிடையாது என்று தெரியும். அவர் வாக்குத் தவறாதவர் என்றும் தெரியும்.

"புதன்கிழமை அலமாரியைப் பூட்ட மறந்துட்டேன் சார்," என்றேன்.

அவர் என்னைச் சற்று அதிக நேரம் பார்த்தார். "சரி. அடுத்தவர்," என்றார்.

என் இடத்துக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்து, கூட்டத்தில் சிறப்பு அலுவலர் தன் தவறை ஒப்புக்கொண்டார் என்று நடவடிக்கைக் குறிப்பு எழுதினேன். பேசியதை எழுதாவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. பழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் எழுதும்போது இது யாரைக் காப்பாற்றும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

நல்ல டிராஃப்ட்

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கேட்ட கோப்புகளுடன், கேட்காத அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுத்தேன். அதற்குமேல் அவருக்கு வேலை இருக்கவில்லை. முனியப்பனை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. மனு பதிவேட்டில் இல்லாதபோது மனு கொண்டுவந்தவரும் இல்லை. விசாரணை அதிகாரி கொட்டாய்க்கே போய், அப்படி ஒரு மனு வரவில்லை என்று படித்துக் காட்டிவிட்டு வந்தார்.

அருமைநாதன் சாருக்குப் பணி உறுதியாவது தள்ளிப்போயிற்று. மாநிலத்தின் இன்னொரு கோடியில் ஒரு தானியக் கிடங்குக்கு மேற்பார்வையாளராக அனுப்பினார்கள். தாமதமாக வந்தவருக்கு இழந்த வருடங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு மாவட்டத்தை ஆளவேண்டியவர், கடைசிவரை மாவட்ட ஆட்சியர் ஆகவே இல்லை.

போகும் அன்று எல்லோருக்கும் கைகொடுத்தார். பாஷா விக்கி விக்கி அழுதான். என்னிடம் வந்ததும், "உங்க குறிப்பை விசாரணையில காட்டினாங்க. நல்ல டிராஃப்ட், சென்னகேசவன். நான் சொன்னது ஒரு வார்த்தை மாறாம இருந்தது," என்றார். கிண்டல் இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கை வெதுவெதுப்பாக இருந்தது.

நான் தாசில்தார் ஆனேன். அந்த வருடம் எனக்குப் பாராட்டுச் சால்வைகள் வந்தன.

ஒரு சின்னக் கடிதம்

ஓய்வுபெற்ற பிறகுதான் அவருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதினோரு பக்கம். மன்னிப்புக் கேட்டிருந்தேன். பத்து நாளில் பதில் வந்தது.

'எனக்கு அன்றே தெரியும். என்னிடம் சொல்வது உங்களுக்குச் சுலபம். மனு கொண்டுவந்தவரிடம் போய்ச் சொல்லுங்கள்.'

பென்னாகரம் பஸ் ஏறினேன். கொட்டாய்க்கு இப்போது தார்ச்சாலை. போர் குழாயடியில் இரண்டு பெண்கள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாதம்மாள் வீடு எது என்று கேட்டேன்.

கட்டைக்கால் ஊன்றி வெளியே வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். நிவாரண ஆபீசில் இருந்தவன் என்றதும் முகம் மலர்ந்தது.

"ஏரோப்ளேன் அய்யா ஆபீசுங்களா? உக்காருங்க சாமி. அவரு நல்லா இருக்காருங்களா? ஆஸ்பத்திரிக்கு ரெண்டு வாட்டி வந்து பாத்தாருங்க."

"உங்க வீட்டுக்காரரைப் பாக்கணும்மா."

"அவரு போயி ஆறு வருசம் ஆச்சுங்களே."

எழுந்து வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவரே பேசிக்கொண்டு போனார்.

"சாவற வரைக்கும் ஒண்ணையே சொல்லிக்கிட்டுக் கெடந்தாருங்க, மனுவ குடுத்தேன் குடுத்தேன்னு. ஆபீசரு வந்து அப்படி ஒண்ணு வரவே இல்லன்னு படிச்சுட்டுப் போனாருல்லீங்க? அன்னையிலேர்ந்து ஊரே சிரிச்சுது. தருமபுரியில சினிமா பாத்துட்டு மனுவத் தொலைச்சுட்டான்னு. ஊர்க் கூட்டத்துல வாயத் தொறந்தா, 'மொதல்ல மனுவக் குடுத்துட்டு வந்து பேசுடா'ம்பாங்க. அப்பறம் அவரு கூட்டத்துக்கே போவறதில்ல."

"நீங்க நம்பினீங்களா?"

"இல்லீங்க." தரையைப் பார்த்தார். "காலு போன கோவம். சண்ட வந்தா நானும் அதத்தான் சொல்லிக் காட்டுவேன்."

இத்தனை வருடமும் நான் கெடுத்தது ஓர் அதிகாரியின் வாழ்க்கையை என்று நினைத்திருந்தேன். அவர் சமாளித்துக்கொண்டார். இந்த மனிதர் தன் வீட்டுக்குள்ளேயே பொய்யராகச் செத்திருக்கிறார்.

"அவர் கொடுத்தார்மா," என்றேன். "என் கையில்தான் கொடுத்தார். காலு நோவுதுன்னு சொன்னவரை எழுந்து நிக்கச் சொன்னேன். மனுவைப் பதியாம வச்சிருந்தேன். பிறகு எரிச்சுட்டேன். வரவே இல்லைன்னு சொன்னதும் நான்தான்."

மாதம்மாள் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன். அவர் கட்டையை ஊன்றி வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார்.

"ஏ சின்னப்புள்ள! ராசு மாமா! குழாயடியில இருக்கறவங்கள்லாம் இங்க வாங்க. எல்லாரையும் கூப்புடு. மாமனாரு வூட்டுலயும் கூப்புடு."

பதினைந்து இருபது பேர் சேர்ந்தார்கள். ஈரக் குடத்தை இடுப்பில் வைத்தபடியே இரண்டு பெண்கள் நின்றார்கள். தடியூன்றிய கிழவர் ஒருவர், "யாருடி இது?" என்றார்.

"சொல்லுங்க சாமி," என்றார் மாதம்மாள். "எங்கிட்ட சொன்னத இவங்ககிட்ட சொல்லுங்க."

சொன்னேன். நூற்றுக்கணக்கான கூட்டங்களில் பேசியவன் நான். அன்று தரையைப் பார்த்து முணுமுணுத்தேன்.

"கேக்கலீங்க," என்றார் மாதம்மாள். "கெழவருக்குக் காது மந்தம். அவருதான் ரொம்பச் சிரிச்சவரு. சத்தமா சொல்லுங்க. எம் புருசன் பேரச் சொல்லி, மொதல்லேர்ந்து சொல்லுங்க."

நான் எழுந்து நின்றேன். "முனியப்பன் மனுவைக் கொடுத்தார்," என்று மறுபடி தொடங்கினேன்.